வெடக்கோழியும் ஒரு மூட்டை மண்ணும்

திருப்பூர் என்றாலே எல்லோருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். ஆனால் அதே மாவட்டத்தில் பல்லடம், உடுமலை பக்கம் போய்ப் பாருங்கள், தறிச் சத்தத்தோடு கோழிப்பண்ணை வாசமும் சேர்ந்து வரும். 1984-ல் உடுமலையில் தொடங்கிய சுகுணா நிறுவனம், 1990-களில் ஒப்பந்தப் பண்ணை முறையை இங்கே பரப்பியது. இங்கு பெரும்பாலும் கறிக்கோழிதான். முட்டைக்கோழி என்றால் நாமக்கல். ஆனால் இரண்டுக்கும் ஒரே வரலாறு: மண்ணைக் கிளறித் தின்ற கோழி, மூட்டைத் தீவனத்துக்கு மாறிய வரலாறு.

வீட்டுக் கோழிக்கு யாரும் தாது உப்பு வாங்கிப் போட்டதில்லை. குப்பை மேட்டைக் கிளறும், புழுவைத் தின்னும், நத்தை ஓட்டைக் கொத்தும், சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பையும் விடாது. தனக்கு எது வேண்டும் என்று அதற்கே தெரியும்.

கொட்டகைக்குள் போனதும்தான் சிக்கல். கால் மூட்டு வீங்கி, தசைநார் நழுவி, குஞ்சுகள் நொண்டின. மாங்கனீசு குறைவதுதான் காரணம் என்று 1936-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். குஞ்சுக்குத் துத்தநாகமும் அவசியம் என்பது 1950-களின் பிற்பகுதியில்தான் தெரிந்தது. மண்ணில் சும்மா கிடைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மூட்டையில் கட்டினார்கள். அதுதான் இன்றைய மினரல் மிக்சர்!

இதில் வெடக்கோழிக்குக் கணக்கு இன்னும் கறார். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அதனால் முட்டையிடும் கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் சேர்ப்பார்கள். வளரும் பருவத்தில் ஏறக்குறைய 1 சதவீதமே போதும். முந்திக்கொண்டு அதிகமாகக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். பிந்தினால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு போடும்.

சரி, குடல் எங்கே வந்தது? எவ்வளவு தாது போட்டாலும் உறிஞ்ச வேண்டியது குடல்தானே. நெருக்கமாக வளர்க்கும் இடத்தில் ரத்தக்கழிச்சலும் பாக்டீரியாவும் அதன் சுவரை அரித்துவிடும். இதற்குக் குறுக்குவழி 1940-களின் கடைசியில் கிடைத்தது. ஆண்டிபயாடிக் தயாரித்தபின் மிஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள் வேகமாக வளர்ந்ததை அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ் கவனித்தார். அதன்பிறகு உலகம் முழுக்கத் தீவனத்தில் ஆண்டிபயாடிக்தான்.

விலை பிறகு தெரிந்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதற்கு அசராத மரபணு ஒன்று பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தாவுகிறது என்று 2015-ல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2019 ஜூலையில் இந்தியா தடை செய்தது.

ஆண்டிபயாடிக்கைக் குறைக்க வேண்டும் என்றதும் பார்வை மறுபடி தாது மூட்டைக்குத் திரும்பியது. துத்தநாகம் குடல் செல்களுக்கு இடையிலான பிணைப்பை இறுக்கமாக வைக்க உதவுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் சுத்தமான தண்ணீர், காய்ந்த தரை, தடுப்பூசி இல்லாமல் அது மட்டும் கோழியைக் காப்பாற்றாது.

இன்னொன்றும் உண்டு. கோழி உறிஞ்சாத துத்தநாகமும் செம்பும் எருவோடு தோட்டத்துக்குப் போகின்றன. உலோகம் மட்கிப்போகாது. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்து அளவில் கொடுத்துவந்த துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோழியை மண்ணிலிருந்து பிரித்து, மண்ணை மூட்டையில் கட்டி அதற்கு ஊட்டினோம். மிச்சம் மறுபடி மண்ணுக்கே வருகிறது. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்கு மறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் உப்பு என்ன செய்யும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அளந்து போடுவோம்.