முக்கூடலின் மழைக்குறிகள்: சீவலப்பேரியும் கரிசல் காட்டுத் தண்ணீரும்

திருநெல்வேலிச் சீமையின் நீர் வரலாற்றை எழுதுவோர் அதை முதலில் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். ஆற்றுப் பாசனத்தில் வாழும் தாமிரபரணிக் கரை ஒருபுறம். வானம் பார்த்த கரிசல் மறுபுறம். வறட்சியும் அதைத் தாங்கும் அறிவும் கரிசலுக்கு உரியவை என்றும், ஆற்றங்கரைக்கு அந்த அறிவு தேவைப்படவே இல்லை என்றும் இந்தப் பிரிவினை சொல்லாமல் சொல்கிறது. அதற்கு இலக்கியச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது உழவர் வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளு. சீவலப்பேரியை ஒட்டிய முக்கூடலைக் களமாகக் கொண்டு, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் இந்நூலை, வற்றாத ஆற்றின் வளப்பாட்டாகவே முந்தைய ஆய்வுகள் படித்திருக்கின்றன. அந்த வாசிப்பு நூலின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்துகிறது என்பது என் கருத்து. எஞ்சிய பகுதி, நீர் வருமா வராதா என்ற ஐயத்தோடு வாழ்ந்த ஓர் ஊரின் குரல். அந்த ஐயம் கரிசலுக்கும் சீவலப்பேரிக்கும் பொதுவானது என்று ஒப்புக்கொண்டால், இன்று கரிசல் நகரங்கள் குடிநீருக்காகச் சீவலப்பேரி ஆற்றை நம்பியிருப்பதையும் வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

வளப்பாட்டு வாசிப்பு எதன்மேல் நிற்கிறது? பெரும்பாலும் நாட்டு வளம் கூறும் பாடல்கள்மேல். அவை யார் வாயிலிருந்து வருகின்றன என்பதைக் கவனித்தாக வேண்டும். முக்கூடலைச் சேர்ந்த மூத்த பள்ளி ஆசூர் வடகரை நாட்டைப் புகழ்கிறாள். மருதூரைச் சேர்ந்த இளைய பள்ளி சீவலமங்கைத் தென்கரை நாட்டைப் புகழ்கிறாள். பண்ணை உழவர்களின் தலைவனான ஒரே குடும்பனுக்கு வாழ்க்கைப்பட்ட இருவர், ஒருத்தி திருமாலாகிய அழகரையும் மற்றவள் சிவனாகிய மருதீசரையும் முன்னிறுத்தி, தத்தம் பிறந்த நாட்டை உயர்த்திப் பாடும் போட்டி அது. போட்டியில் சொல்லப்படும் பெருமையை நிலத்தின் நிலவரமாக எடுத்துக்கொள்வது சான்றைக் கையாளும் முறைக்கே பொருந்தாது. பாடல்கள் பொய் சொல்கின்றன என்று நான் கூறவில்லை. அவற்றில் வரும் வயலும் சோலையும் ஆற்றங்கரையில் இருந்தவைதான். ஆனால் எல்லா ஆண்டும் அப்படியே இருந்தன என்பதற்கு அவை சான்றாகமாட்டா.

இந்தப் போட்டிப் பாடல்களுக்குப் பிறகு வருபவைதாம் என் கவனத்தை ஈர்ப்பவை. மழை வேண்டிச் சேரியார் எல்லோரும் கூடித் தெய்வங்களுக்குப் படையல் இடுகிறார்கள். பூலாவுடையார், குமுக்காவுடையார், புலியூருடையார், கரையடிச்சாத்தான் என்று அந்தப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பெருங்கோயில் தெய்வமான அழகரைப் போற்றும் நூல், மழைக்கு என்று வரும்போது கிடாயும் சேவலும் சாராயமும் ஏற்கும் ஊர்த் தெய்வங்களிடம் போகிறது. குளத்துக் கரையையும் ஊர் எல்லையையும் காப்பதாக நம்பப்படும் வகையைச் சேர்ந்தவை இத்தெய்வங்கள். ஆறு வற்றாது என்று உறுதியாக நம்பிய ஊருக்கு இப்படி ஒரு வேண்டுதல் எதற்கு? இதைச் சடங்கு மரபு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் கதையின் நகர்வில் இந்த வேண்டுதலுக்கு ஓர் இடம் இருக்கிறது. வேண்டுதல், மழைக்குறி, மழை, வெள்ளம், அதன் பிறகே உழவு என்ற வரிசையில் நூல் செல்கிறது. உழவு தொடங்குவதற்கு ஆறு இருப்பது மட்டும் போதவில்லை. வெள்ளம் வந்தாக வேண்டும்.

நூலில் மிகவும் புகழ்பெற்ற பாடல் மழைக்குறிப் பாடல். பள்ளிப் பாடநூல் வழியாகப் பலர் நாவில் அது இன்றும் இருக்கிறது. அதை ஓசை நயத்துக்காகப் பாராட்டியவர்கள் பலர். அதில் உள்ள செய்தியைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கான குறிகளாக அது சொல்பவை: மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல் வெட்டுகிறது; நேற்றும் இன்றும் காற்று மரக்கொம்புகளைச் சுற்றி அடிக்கிறது; கிணற்றுத் தவளை கத்துகிறது; நண்டு சேற்றால் தன் வளையை அடைக்கிறது; வானம்பாடிகள் மழையை எதிர்பார்த்து ஆடுகின்றன.

முதலில் மின்னல். மலையாளத் திசை என்பது மேற்கே பொதிகை மலைத்தொடர். ஈழத் திசை என்பது கிழக்கே மன்னார் வளைகுடா. சீவலப்பேரியில் நின்று பார்த்தால் இந்த இரு அடிவானங்களும் இரண்டு வெவ்வேறு மழைப் பருவங்களின் வாசல்கள். மேற்கு, தென்மேற்குப் பருவத்தின் வழி; கிழக்கு, வடகிழக்குப் பருவத்தின் வழி. இரண்டு பக்கமும் ஒரே நாளில் மின்னும் காலம், ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைக்காலம். பெரும்பாலும் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். அப்போதுதான் பிசான நெல்லுக்கு நாற்றங்காலும் நடவும். ஆனி, ஆடியில் தொடங்கும் கார் சாகுபடிக்குத் தேவையான மழை மேற்கிலிருந்து மட்டும் வரும் என்பதால், இப்பாடலை ஆனி ஆடிக்குரியதாகக் கொள்வது கடினம். ஆகவே இங்கே பேசப்படுவது பிசான சாகுபடி என்றே கருதுகிறேன். சமவெளியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி பெய்யும் பருவத்தை நம்பிய சாகுபடி அது. அந்தப் பருவம் பொய்த்தால் கரிசலும் ஆற்றங்கரையும் ஒரே ஆண்டில் சேர்ந்தே தவிக்கும்.

நண்டைப் பற்றிய குறி என் வாசிப்புக்கு ஒரு வரம்பு வைக்கிறது. வளையை அடைக்கச் சேறு இருந்திருக்கிறது. வயல் முற்றாக வெடித்துக் கிடக்கவில்லை. முதல் மழை பெய்து, பெருமழைக்கு ஊர் காத்திருந்த நாள்கள் இவை என்று கொள்வதே பொருத்தம். எனவே இப்பாடலைப் பஞ்சப் பாட்டு என்று அழைக்க முடியாது. நான் அப்படி அழைக்கவும் இல்லை.

அடுத்து, வெள்ளம் வரும் நாள். பாடல் அதை நாளைக்கு என்கிறது. இதைப் பேச்சு வழக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆற்றின் கணக்கு வேறு சொல்கிறது. மலையடிவாரத்துப் பாபநாசத்திலிருந்து சீவலப்பேரி வரை ஆற்று வழித் தொலைவு சுமார் 60, 70 கிலோமீட்டர். வெள்ள அலை நொடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் வேகத்தில் இறங்கும் என்று கொண்டால், அது சீவலப்பேரியை எட்டச் சுமார் எட்டிலிருந்து இருபது மணி நேரம் ஆகும். அதாவது இன்று மாலை மேற்கே மின்னினால் நாளை வெள்ளம். பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அதற்கு முன் மலை மழைக்கும் முக்கூடல் வெள்ளத்துக்கும் நடுவே இருந்தவை ஆற்றை முழுதாக நிறுத்தாத தாழ்வான அணைக்கட்டுகளே. வெள்ளம் அவற்றின் மேலே வழிந்தோடிவிடும். நெடுங்காலமாக நாம் ஓசைக்காகவே பாராட்டிய பாடலில் ஓர் ஆற்றின் பயண நேரம் பதிவாகியிருக்கிறது. இந்தக் கணக்கு தோராயமானதுதான். வேகம் ஆண்டுக்கு ஆண்டு, வெள்ளத்துக்கு வெள்ளம் மாறும். ஆனால் ஒரு நாள் என்ற எல்லைக்குள் அது நிற்கிறது என்பதை மறுப்பது அரிது.

இனி மூன்று ஆறுகள். முக்கூடலில் சேர்பவை தாமிரபரணி, சிற்றாறு, கயத்தாறு. சேர்க்கை என்றதும் வளம் பெருகுவதாக நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் மூன்றின் நடத்தையும் ஒன்றல்ல. தாமிரபரணி பொதிகையில் பிறந்து இரு பருவ மழையையும் பெறுகிறது. சிற்றாறு குற்றால மலையில் பிறந்தாலும் வழியெங்கும் அணைக்கட்டுகளையும் குளங்களையும் நிரப்பிய பிறகே கீழே வருகிறது. மேலே உள்ள குளங்கள் காய்ந்திருக்கும் ஆண்டில் அதன் வெள்ளம் முக்கூடலை எட்டுமுன்பே அவற்றில் அடங்கிவிடும். கயத்தாறு கரிசல் மண்ணின் ஓடை. தன் பகுதியில் கனமழை பெய்தால் மட்டும் ஓடும். வறட்சி தொடங்கும் ஆண்டில் முதலில் நிற்பது கயத்தாறு, அடுத்துச் சிற்றாறு, கடைசியில் தாமிரபரணி தளரும். இந்த வரிசையை ஊர் ஆண்டுதோறும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நீரியல் அளவைக் கருவிகள் இல்லாத காலத்தில், மூன்று ஆறுகள் கூடும் ஓர் ஊரே அந்தச் சீமைக்கு அளவைக் கருவியாக இருந்திருக்கிறது என்பது என் துணிபு. கிழக்கு மின்னலும் மேற்கு மின்னலும் ஒரே பாடலில் ஏன் வருகின்றன என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பிற பள்ளு நூல்களிலும் மழை வேண்டலும் மழைக்குறியும் உண்டே, இது இலக்கிய மரபுதானே என்ற மறுப்பு எழும். உண்டுதான். மரபு என்பதால் அதில் அனுபவம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. திசைப் பெயர்களும் பயண நேரமும் ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்புக்கு இவ்வளவு நுட்பமாகப் பொருந்தும்போது, மரபு என்ற சொல்லால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. நூலில் வரும் நெல் விதைப் பட்டியலுக்கு இவ்வளவு எடை கொடுக்க மாட்டேன். சித்திரக்காலி, சிறைமீட்டான், மலைமுண்டன், கருங்குறுவை, சீரகச்சம்பா என்று நீளும் அதில், குறுகிய நாளில் விளையும் குறுவையும் நெடுநாள் நிற்கும் சம்பாவும் கலந்தே இருக்கின்றன. நீர் வரும் நாளைப் பார்த்து விதையைத் தேர்ந்த ஊர் என்று ஊகிக்கலாம். ஆனால் நெல்லை அடுக்கிக் கூறுவது பள்ளில் ஓர் அணியாகவே வளர்ந்துவிட்டது. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

சீவலப்பேரி நீர் வருமா என்று வானத்தையும் ஆற்றையும் பார்த்து வாழ்ந்த ஊர் என்றால், அதற்கு வடக்கே உள்ள கரிசலின் அறிவு அதற்கு அந்நியமாக இருக்க முடியாது. கரிசல் உழவர்கள் தண்ணீரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பயிருக்கான நீரை மண்ணிலேயே விட்டார்கள். மழைக்கு முன்பே புழுதியில் விதைத்து, முதல் பெருமழையில் முளைக்கச் செய்து, கரிசல் மண் பிடித்து வைக்கும் ஈரத்திலேயே சோளத்தையும் கம்பையும் பருத்தியையும் விளைவித்தார்கள். குடிக்கும் நீரை ஊருணியில் தனியே காத்தார்கள். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பருத்தியிலும் சோளத்திலும் கவனம் செலுத்தியது இந்த முதல் பாதிக்குக் கிடைத்த ஆதரவு. இரண்டாம் பாதியான ஊருணிக்கு அப்படி ஓர் ஆய்வு நிலையம் கிடைக்கவில்லை. புழுதி விதைப்பும் மழைக்குறிதான். விதைப்பவர் வானத்தைப் பார்த்தே நாளைத் தீர்மானிக்கிறார்; தவறினால் முளை கருகும், விதை வீணாகும்.

குடிநீரில்தான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. ஊருணிகள் தூர்ந்துபோய் நகரங்களும் பெருகிய பிறகு, கரிசல் தன் குடிநீரைத் தாமிரபரணியிடம் தேடியது. கோவில்பட்டி நகரம் சீவலப்பேரியிலிருந்து வரும் ஆற்று நீரை நம்பியிருக்கிறது; அதன் இரண்டாவது குடிநீர்த் திட்டக் குழாய் 2018இல் பயன்பாட்டுக்கு வந்தது. சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற மேலும் வடக்கே உள்ள நகரங்களும் தாமிரபரணி நீரை நாடுகின்றன. கரிசல் காட்டின் ஒரு பகுதி வடிநீர் கயத்தாற்றின் வழியாக முக்கூடலுக்கு இறங்கிய காலம் போய், முக்கூடல் நீர் மின்மோட்டாரால் கரிசல் மேட்டுக்கு ஏறும் காலம் வந்திருக்கிறது.

இந்த மாற்றத்தை வறட்சிக்கு நிரந்தரத் தீர்வாகச் சித்திரிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. முக்கூடற்பள்ளை வளப்பாட்டாகப் படித்த அதே பிழை இங்கும் நுழைகிறது: ஆறு வற்றாது என்ற நம்பிக்கை. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2016இல் ஈழத் திசையில் போதிய மின்னல் இல்லை. கரிசலின் புழுதி விதைப்பும் தாமிரபரணியின் பிசானமும் ஒன்றாகவே தோற்றன. நீர் குறைந்த ஆண்டில் அணைகளிலிருந்து குடிநீருக்கே முதல் பங்கு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த முதல் பங்கு எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு கார் சாகுபடிக்கான நீர் சுருங்குகிறது. கரிசலின் குடத்துக்குக் கார் நெல் பங்கு கொடுக்கிறது என்பதை நம் ஆய்வுகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையின் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் விதித்த இடைக்காலத் தடையும், 2017 மார்ச்சில் அந்த வழக்கு தள்ளுபடியானதும் பெரும் விவாதத்தை எழுப்பின. அந்த விவாதம் தேவையானதே. எனினும் நகரக் குடிநீருக்கும் கார் சாகுபடிக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் பங்கீடு அந்த அளவுக்குப் பேசப்படவே இல்லை.

ஆற்றிலிருந்து எடுக்கும் முறையும் கவனத்துக்குரியது. குடிநீர்த் திட்டங்கள் ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளில் மணல் வடிகட்டித் தரும் நீரையே பெரிதும் எடுக்கின்றன. கோடையில் மேலே ஓட்டம் ஒடுங்கினாலும் மணலுக்குள் நீர் இருக்கும். மணல் போனால் அந்தக் காப்பும் போகும். பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தபோது, அது சுற்றுச்சூழல் வழக்காகவே பேசப்பட்டது. கரிசல் நகரங்களின் குடிநீர் வழக்காகவும் அது பேசப்பட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரக் குடிநீர்த் திட்டங்கள் சேதமடைந்து, ஊரெங்கும் தண்ணீர் சூழ்ந்த நாள்களிலேயே குடிநீருக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரே ஆற்றை மட்டும் நம்பினால் வறட்சியிலும் இடர், வெள்ளத்திலும் இடர்.

கரிசல் ஊருணிகளைத் தூர்வாரிக் காப்பதைப் பழம்பெருமைப் பணியாகக் கருதுவோருக்கு என் மறுப்பு இங்கிருந்தே எழுகிறது. குழாய் நிற்கும் ஆண்டில் ஊருக்கு அருகில் கிடைப்பது ஊருணி நீர்தான். ஐப்பசி மழை பொய்த்தால் ஊருணியும் நிரம்பாது என்பது உண்மை. ஆனால் ஊருணி நிரம்பாமல் போவது ஊர் மழை பொய்த்ததால். ஆறு தளர்வது மலை மழை குறைந்ததால். இரண்டும் ஒரே ஆண்டில் தோற்பதற்கு 2016 ஒரு சான்று என்றாலும், எல்லா ஆண்டும் அப்படி நேர்வதில்லை. முக்கூடலில் கயத்தாறு நின்ற பிறகும் தாமிரபரணி ஓடிய ஆண்டுகள் இருந்திருக்கும். கரிசலில் பெருமழை பெய்து மலை ஏமாற்றிய ஆண்டுகளும் இருந்திருக்கும். சீவலப்பேரியின் மூன்று ஆறுகள் எந்தெந்த ஆண்டில் எந்த வரிசையில் நின்றன என்பதைப் பாசனத் துறையின் பழைய மழை, வெள்ளப் பதிவேடுகளிலிருந்து தொகுத்து, பிசான நடவு நாள்களோடும் ஊருணிகள் நிரம்பிய நாள்களோடும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால், கரிசலுக்கு எவ்வளவு தண்ணீரைக் குழாய் தரலாம், எவ்வளவு ஊருணியில் நிற்க வேண்டும் என்ற கணக்கைத் தொடங்க முடியும்.