பசுவின் அனுசேபக் கோளாறும் காளையின் விந்துத் தரமும்

தின்னும் தீனிக்கும் உடல் செலவழிக்கும் சத்துக்கும் கணக்கு ஒத்துவராதபோது பசுவுக்கு உண்டாகும் கீட்டோன் மிகை, கல்சியக் குறைவு, ஈரலில் கொழுப்புப் படிதல் போன்றவை அனுசேபக் கோளாறுகள் எனப்படும். பெரும்பாலும் கன்று ஈனுவதற்கு முன்னும் பின்னுமான மூன்று வாரங்களில் இவை தலைகாட்டும். பால் குறையும், அடுத்த சினை தள்ளிப்போகும் என்பது பண்ணையாளர் அறிந்ததே. விந்தின் தரத்தையும் இவை தொடலாம் என்பது பிந்திய ஆய்வுகளின் கருத்து.

முதல் வழி, கருப்பை. விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்டோலி கலங்கள் நாம்பன் கன்று கருவில் இருக்கும்போதே பெருகத் தொடங்கி, பிறந்து சில மாதங்களில் பெருகி முடிகின்றன. ஒரு கலம் தாங்கக்கூடிய விந்தணுக்களுக்கு எல்லை உண்டு. ஆகவே கலங்கள் குறைந்தால் வாழ்நாள் முழுதும் விந்தும் குறையும். அவுஸ்திரேலியாவில் செபுக் கலப்பு நாகுகளிடம் நடந்த ஆய்வொன்றில், சினைக்காலத் தீனியின் புரத அளவு ஆண் கன்றுகளின் விதை வளர்ச்சியை மாற்றியது. காளைக்குக் காய்ச்சலோ வெக்கையோ தரும் கேடு இப்படிப்பட்டதன்று. விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாட்கள் ஆவதால், இரண்டரை மாதத்தில் காளை அதிலிருந்து தேறிவிடும்.

இரண்டாவது வழி, விந்தை ஏற்கும் பசு. விந்தணுக்கள் பலோப்பியன் குழாயின் சுவரில் ஒட்டிக் காத்திருக்கின்றன. உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கொழுப்பமிலம் கூடினால் அந்தச் சுவரின் பிடிப்பு தளர்வதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அப்போது நல்ல விந்தும் வீணாகலாம். குண்டசாலையிலோ பொலன்னறுவையிலோ சேகரித்து, −196 பாகை செல்சியஸில் உறையவைத்து அனுப்பும் விந்தாக இருந்தாலும் விதிவிலக்கில்லை.

மேற்கண்ட ஆய்வுகளுள் பல, நிறையப் பால் தரும் பசுக்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரைப் பட்டிகளில் கதை வேறு. நாட்டுப் பசு கறப்பது கொஞ்சம். பாலால் வரும் கீட்டோன் மிகை அதற்கு அரிது. அதன் நோய் பசிதான். மாரி வெள்ளாமை தொடங்கியதும் வயல் வட்டைகள் அடைபடும்; பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்குப் போகும். வெட்டு முடிந்து ஒட்டுப்பயிர் மேய்ந்தபின், கச்சான் காற்றில் புல் கருகும். இடுப்பெலும்பு துருத்த மெலிந்த பசு வேட்கைக்கே வராது. சினையானது மெலிந்தபடியே கன்றைச் சுமக்கும். மயிலத்தமடு, மாதவனைத் தரையில் நடந்த நில அத்துமீறல்களை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினர். மேய்ச்சல் நிலம் இழப்பது இனப்பெருக்கச் சிக்கலும்கூட. கன்றின் முதல் ஆறு மாத ஊட்டம் விதையின் பருமனைத் தீர்மானிப்பதால், கறவைக்காகக் கன்றின் பங்குப் பாலைக் குறைப்பதும் இதே கணக்கில் சேரும்.

காளையின் தகுதியை உருப்பெருக்கியின் கீழ் விந்தணு நீந்தும் விதத்தை வைத்து மட்டும் முடிவுசெய்வது உண்டு. அது போதாது. பட்டிக்கு நாம்பன் தெரிவுசெய்பவர், அதன் தாய் எந்த மாதத்தில் சினைப்பட்டது, கச்சான் காலத்தில் எப்படி இருந்தது என்பதையும் கேட்டறிவது நல்லது.