பாரத்துக்கு அடியில் இருக்கும் நேரம்

உத்திரமேரூர் என்றால் குடவோலை. பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து, 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாப் பேச்சு வரைக்கும், இந்த ஊருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற அர்த்தம் இது ஒன்றுதான். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய சாசனங்கள். முப்பது குடும்பு, ஓலைச்சீட்டு, பானை, அதில் கைவிட்டு எடுக்க ஒரு சிறுவன். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. பானைக்குள் பெயர் போவதற்கும் விதி இருந்தது: கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி.

ஏரியை நிர்வாகம் செய்தவர்களுக்கு வரலாறு இருக்கிறது. ஏரியில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு இல்லை. இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமல்ல. நம் பத்திரிகைகளில் பலரும் சொல்லிவிட்டதுதான். அந்த இல்லாமைக்குள்ளேயே இருக்கும் இன்னொரு இல்லாமையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். உழைக்கிறவன் உடம்பின் மேல் பாரம் விழுகிறது. விழுந்ததற்கும் எடுத்ததற்கும் இடையே ஒரு நேரம் இருக்கிறது. பத்து நிமிஷமோ, மூன்று மணி நேரமோ. அந்த நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. சட்டமும் எழுதவில்லை, முதலாளியும் எழுதவில்லை, சங்கமும் எழுதவில்லை. ஆனால் அவன் பிழைப்பானா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் முடிவாகிறது.

ஏரியிலிருந்தே தொடங்கலாம். 1981இலிருந்து ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தது. ஏரிகளின் உள்வாயில் கருவேல மரங்களை நட்டார்கள். சில ஆண்டுகளில் மரம் முற்றும், ஏலம் விடுவார்கள், காண்ட்ராக்டர் எடுப்பார். அதற்கும் முன்னால் ரயில் எஞ்சினுக்கு எரிபொருளாக இந்தக் கரையோர மாவட்டங்களில் சவுக்குத் தோப்புகள் வந்தன. 1870களில் சீமைக்கருவேல் வந்தது. சவுக்கு, கருவேல், வேலிகாத்தான், பனை, புளி: வெட்டுவதற்கு மரம் எப்போதும் இருந்திருக்கிறது. வெட்டுகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

1882இல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியது. கிழங்கும் தேனும் எலியும் பாம்பும் என்று வாழ்ந்த இருளர்களுக்குக் காட்டுக்குள் நுழைவதே குற்றம் என்றானது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. பாம்பின் விஷம் எடுத்து விற்பதற்கு 1978இல் மாமல்லபுரம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அது சில நூறு குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கலாம். மற்றவர்கள் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போனார்கள். போகும்போதே கையில் முன்பணம். கொத்தடிமை முறை 1976 சட்டத்தின்படி ஒழிந்துபோன விஷயம். ஆனால் 2019 ஜூலையில் காஞ்சிபுரத்தை அடுத்த கோனேரிக்குப்பத்திலிருந்தும் அன்றைய வேலூர் மாவட்டத்திலிருந்தும் மரம் வெட்டும் இடங்களில் அடைபட்டிருந்த 42 பேரை வருவாய்த்துறை அதிகாரிகள் மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நாம் அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்தோம். பக்கத்தில் கிடந்திருக்கக்கூடிய கோடரியைப் பார்க்கவில்லை.

கருவியைப் பற்றிப் பேசாமல் உடம்பைப் பற்றிப் பேச முடியாது. மரம் வெட்டும் தொழிலின் வரலாறு என்பது ஒருவகையில் பாரத்தை இடம் மாற்றிய வரலாறு. ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்கிற பேரே தேக்குக் கட்டைகளை மலைச்சரிவில் வழுக்கிவிட்ட இடம் என்பதால் வந்தது. அந்தப் பக்கமே 1907இல் கொச்சி அரசு பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்க டிராம்வே போட்டது. கட்டையை நகர்த்த யானை, யானையை நகர்த்த மாவுத்தன். சமவெளியில் யானை கிடையாது. கோடரி, கடப்பாரை, வடம், ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுக்கும் ரம்பம், சாய்த்து வைத்த இரண்டு கட்டையின் மேல் மரத்தை உருட்டி லாரிக்கு ஏற்றும் தோள்கள். இவ்வளவுதான் கருவி.

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தையும் 1929இல் பெட்ரோலில் ஓடுவதையும் செய்தார். அது சிறுத்துச் சிறுத்து ஒற்றை ஆள் தூக்கும் மெஷினாகி நம் ஏரிக்கரைக்கும் வந்து சேர்ந்தது. மெஷின் வந்ததால் முதுகுவலி குறைந்தது என்பது உண்மை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. இரட்டையாள் ரம்பத்தில் எதிர்முனையில் எப்போதும் ஒரு ஆள் இருப்பான். அவன் மரத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மரம் முறியும்போது கிளம்பும் ‘படக்’ சத்தம் இருவருக்கும் கேட்கும், இருவரும் ஓடலாம். மெஷின் எதிர்முனை ஆளை எடுத்துவிட்டது. அதன் இரைச்சலில் முறியும் சத்தமும் போய்விட்டது. வெட்டும் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி. டன் கணக்கில் கூலி பேசி, குடும்பத்தோடு வேலைக்கு இறக்கிவிட்ட இடத்தில் இந்த விதி எங்கே நிற்கும்? ஆண் வெட்டுவான், பெண் கிளை கழிப்பாள், பிள்ளை சுள்ளி பொறுக்கும். எல்லோரும் ஒரே மரத்தின் நீளத்துக்குள்தான்.

மரம் ஆளைக் கொல்வதற்குச் சில வழிகள் உண்டு. வெட்டுப்பட்ட மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கும். அடியில் போய் இழுத்தால் விழும். அடிமரம் நெடுக்கில் பிளந்து பின்னால் உதைக்கும். ஏற்றும்போது வடம் அறுந்து கட்டை உருளும். இவற்றில் எதுவுமே ‘விதி’ அல்ல. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, தடுக்கும் வழியும் உண்டு. ஆனாலும் ‘அவன் நேரம்’ என்றுதான் சொல்வோம். ‘நேரம்’ என்ற சொல்லை அப்படிப் பயன்படுத்தியே உண்மையான நேரத்தை மறைத்துவிட்டோம்.

சட்டம் என்ன செய்தது? 1837இல் இங்கிலாந்தில் ப்ரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் என்ற வழக்கு. கசாப்புக்காரரின் வேலையாள் ஒருவன் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி உடைந்து தொடை முறிந்தான். முதலாளி பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொன்னது. கூட வேலை செய்பவனின் தவறால் அடிபட்டால் முதலாளியைக் கேட்க முடியாது என்ற கோட்பாடு இந்த வழக்கிலிருந்து வளர்ந்தது. ஜெர்மனியில் 1884, இங்கிலாந்தில் 1897 என்று சட்டங்கள் வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தன. இந்தியாவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் அட்டவணைகளை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும். பின்னால் திருத்தப்பட்ட முதல் அட்டவணையில் உடம்பு துண்டு துண்டாக விலையாகியிருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. இரண்டாம் அட்டவணை யார் யார் தொழிலாளி என்று பட்டியல் போட்டது. யானைகளை வைத்து வேலை செய்பவர்கள் அதில் இருந்தார்கள். பனையேறுபவர்களும் மரம் வெட்டுபவர்களும் ஒரே வரியில் இருந்தார்கள். ஆக, சட்டத்துக்கு மரம்வெட்டியைத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தெரியும்.

தெரிந்துகொண்டே வெளியே நிறுத்தவும் அதற்குத் தெரிந்திருந்தது. எப்போதாவது ஒருமுறை கூப்பிடும் ஆள், அதுவும் முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல் கூப்பிட்ட ஆள், தொழிலாளி அல்ல என்று வரையறையிலேயே ஒரு விலக்கு இருந்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டு வாசல் தென்னையை வெட்டச் சொல்லி, அது மேலே விழுந்து செத்தவன் இப்படி வெளியே நின்றான். 2000இல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் இந்த விலக்கு போனது. பிறகு இன்னொரு சிக்கல். இழப்பீடு கூலியின் மேல் கணக்காகிறது. முன்பணத்துக்குக் கழித்துக்கொண்டே போகும் உழைப்பில் கூலி எது? ரசீது எங்கே? முதலாளி யார்: ஏலம் எடுத்தவரா, மேஸ்திரியா, லாரிக்காரரா? 1923 சட்டம் இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

இன்னும் அடிப்படையாக ஒன்று. சட்டம் எப்போதும் பாரத்தை எடுத்த பிறகுதான் வந்து சேர்கிறது. விரல் எண்ண வருகிறது. பாரம் மேலே இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

மருத்துவத்துக்கு அந்தக் கண் கிடைத்தது 1941இல். ஜெர்மானிய விமானங்கள் லண்டனில் குண்டு போட்ட காலம். இடிபாடுகளுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டவர்களில் சிலர் நன்றாகப் பேசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்ற இரு மருத்துவர்கள் அப்படி நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முன்பே முதல் உலகப் போரில் புதையுண்டு இறந்த சிப்பாய்களைப் பற்றி ஜப்பானிய மருத்துவர் மினாமி 1923இல் எழுதியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. அதே 1923இல்தான் இங்கே விரலுக்கு விலை போடும் சட்டம் வந்தது.

நடப்பது இதுதான். நெடுநேரம் நசுங்கிக் கிடக்கும் தசை சாகிறது. பாரம் இருக்கும்வரை அதன் விஷம் அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது. பாரத்தைத் தூக்கியதும் ரத்தம் பாய்கிறது. தசையிலிருந்து கிளம்பும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும். மையோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும். அதனால்தான் எடுப்பதற்கு முன்பே, முடியாவிட்டால் எடுக்கும்போதே, நரம்பில் உப்புநீர் ஏற்றத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு நேரத்துக்கு மேல் போனால் மருத்துவ உதவி வரும்வரை காத்திருப்பது என்பதில் முதலுதவிக் கையேடுகள் ஒன்றுபடவில்லை. சில 15 நிமிஷம் என்று கோடு போடுகின்றன. சில எவ்வளவு நேரமானாலும் உடனே எடு என்கின்றன. ரத்தப்போக்கை நிறுத்து, உடனே உதவி கூப்பிடு என்பதில் சண்டை இல்லை. மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயத்திலும் சண்டை இல்லை: எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?

இந்த அறிவு போரிலிருந்தும் பூகம்பத்திலிருந்தும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1988இல் ஆர்மீனியாவில் நிலம் நடுங்கிய பிறகுதான் சிறுநீரக மருத்துவர்கள் உலக அளவில் பேரிடருக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். பூகம்பம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பேரை நசுக்குகிறது, அதனால் அது நிகழ்வாகிறது. மரமும் பாறையும் ஒவ்வொருவராக நசுக்குகின்றன. 2021 பிப்ரவரியில் உத்திரமேரூர்ப் பக்கம் மதூர் கல்குவாரியில் சரிவு ஏற்பட்டு ஆட்கள் சிக்கியபோது சேனல்கள் வந்தன. ஒற்றை ஆளாக ஏரி உள்வாயில் கட்டைக்கு அடியில் கிடப்பவனுக்கு எந்த கேமராவும் வராது.

அவனுக்கு எது வரும்? 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 108 ஓடுகிறது. அது பெரிய விஷயம். அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கூப்பிட்டால் போலீஸ் கேஸ் ஆகும், ஆள் வைத்திருப்பது வெளியே தெரியும் என்று மேஸ்திரி பயப்படும் இடத்தில் யார் போன் செய்வது? டிராக்டரிலோ ஷேர் ஆட்டோவிலோ தூக்கிப் போட்டு, எலும்புதானே என்று புத்தூர் கட்டுப் போட அழைத்துப் போவார்கள். எலும்பு கூடும். தசைக்குள் நடப்பது கட்டுக்குத் தெரியாது. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் காஞ்சிபுரம் தலைமை ஆஸ்பத்திரியும் உத்திரமேரூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். பிரச்சினை தூரம் மட்டுமல்ல.

2021 டிசம்பரில் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மேல்மருவத்தூரில், ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும், அரசு ஏற்கும். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி கிடையாது. நல்ல திட்டம். அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது: மரம் ஏற்றிய லாரி ரோட்டில் இடித்தால் திறக்கிற அந்தக் கதவு, அதே லாரியில் ஏற்றும்போது அதே மரம் உருண்டு நசுக்கினால் ஏன் திறக்கவில்லை? வேலை என்பது விபத்தில் சேராதா?

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு ஆள் பொறுப்பு என்று எழுதி வைத்தது. காம்பவுண்டுச் சுவருக்குள் நேரம் எண்ணப்படும். சுவருக்கு வெளியே கருவேலங்காட்டில் டன் மட்டும்தான் எண்ணப்படும்.

நம் இயக்கங்களும் எண்ணியது பெரும்பாலும் இழப்பீட்டைத்தான். பிணத்தை ரோட்டில் வைத்து மறியல், இத்தனை லட்சம் என்று பேரம், பிறகு கலைந்து போவது. அது தேவை. ஆனால் அது சட்டத்தின் அட்டவணை மொழியை நாமும் பேசுவது. பாரம் எடுத்த பிறகு வந்து சேர்வது. அதற்கு முந்தைய நேரத்தைக் கோரிக்கையாக்க முடியும். ஏரி உள்வாய் மரத்தை ஏலம் விடுவது தனியார் அல்ல, அரசும் பஞ்சாயத்தும். ஏல நிபந்தனையில் எத்தனை நாளில் வெட்டி முடிக்க வேண்டும், எவ்வளவு முன்வைப்புத் தொகை என்றெல்லாம் எழுத முடிகிறபோது இதையும் எழுதலாம்: வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் கூலியும் பஞ்சாயத்தில் இருக்க வேண்டும். இரண்டு மர உயரத்துக்குள் குழந்தை கூடாது. முதலுதவி தெரிந்த ஒருவரும், கட்டையைத் தூக்க ஜாக்கியும் கடப்பாரையும், போன் பேச ஒருவரும் இடத்தில் இருக்க வேண்டும். அடிபட்டால் விழுந்த மணியும் எடுத்த மணியும் எழுதித் தரப்பட வேண்டும். இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிப்பதல்ல. கிராம சபையில் ஒரு தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

ஏரி வாரியத்துக்கு யார் வரலாம் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் எழுதியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அதே ஏரியில் மரம் வெட்ட வருகிறவர்களின் பெயரை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவது முடியாத காரியமல்ல.