மரம் வெட்டும் முன் தேவை நேரடிப் பயிற்சி

மறுநடவுக்காக வயதான ரப்பர் மரங்களைச் சாய்ப்பது முதல், மழைக்காற்றில் சாய்ந்த வீட்டோர மரங்களை அகற்றுவது வரை, மலேசியாவில் சங்கிலி ரம்பத்தின் பயன்பாடு அதிகம். ரம்பத்தை இயக்கத் தெரிந்தால் மட்டும் மரம் வெட்டத் தெரிந்ததாகாது.

நேரடிப் பயிற்சி மரத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. மரம் எப்பக்கம் சாய்ந்துள்ளது, காய்ந்த கிளைகள் உண்டா, மின்கம்பி அருகில் உள்ளதா எனக் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். மரம் விழும் திசைக்குப் பின்புறம், பக்கவாட்டில் சுமார் 45 பாகையில் விலகிச் செல்ல வழியை முன்கூட்டியே சுத்தம் செய்ய வேண்டும்.

முதல் வெட்டு விழும் பக்கத்தில் ஆப்பு வடிவில் அமையும். அதன் ஆழம் மரத்தின் விட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பின்புறம் வெட்டும்போது முழுதாக அறுத்துவிடக் கூடாது. இடையில் விடப்படும், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள பகுதியே கதவுக் கீல்போல் மரத்தின் திசையைக் கட்டுப்படுத்துகிறது.

ரம்ப முனையின் மேற்பகுதி எதிலாவது பட்டால், ரம்பம் இயக்குபவரை நோக்கித் துள்ளும். ஆகவே இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. தலைக்கவசம், முகத்தடுப்பு, காதுக்காப்பு, வெட்டுத் தடுப்புக் கால்சட்டை, பாதுகாப்புக் காலணி ஆகியவை கட்டாயம் தேவை.