கூட்டம் கேட்காத பாட்டு

மின்கிதார் காலம் – 17

சென்ற வாரம் சிம்லா பீட் போட்டியைப் பற்றிப் பார்த்தோம். ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய அந்தப் போட்டியில் தேர்வான இந்திய ராக் குழுக்களின் பாடல்கள் 1970-லும் 1971-லும் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அந்தக் குழுக்களில் பெரும்பாலானவை அடுத்த சில ஆண்டுகளில் கலைந்துபோயின. அதைப் படித்துவிட்டு ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “டீப் பர்பிள், ஏசி/டிசி எல்லாம் தாத்தா வயதிலும் புது ஆல்பம் போடுகிறார்கள். பழையதா, புதியதா என்று உட்கார்ந்து சண்டை போட நமக்கு அப்படி ஒரு குழுவாவது உண்டா சார்?”

உண்டு. ஆனால் அதைத் தேடி பம்பாய்க்குப் போக வேண்டும். ஏன் சென்னையில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோடம்பாக்கம் எடுத்துக்கொண்டவர்கள்

சென்னையில் வாசிக்க ஆளில்லாமல் இல்லை. 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிகல் கடை அண்ணா சாலையில் இருந்தது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிண்டியைத் தாண்டினால் ஐ.ஐ.டி. அங்கே 1974-ல் ‘மார்டி கிரா’ என்ற பெயரில் தொடங்கி 1996 முதல் ‘சாரங்’ என்று நடக்கும் விழாவில், திறந்தவெளி அரங்கு நிறைய ராக் கேட்கக் கூட்டமும் இருந்தது. 1980-களில் ‘ரூட்ஸ்’ என்றொரு குழு. டிரம்ஸில் சிவமணி, கிதாரில் ஜான் ஆண்டனி, கூடவே சுரேஷ் பீட்டர்ஸ், கீபோர்டில் பின்னாளில் உலகமே அறிந்த ஏ.ஆர்.ரஹ்மான். ரஹ்மானுக்கு ‘நெமிசிஸ் அவென்யூ’ என்று இன்னொரு ராக் குழுவும் இருந்தது.

இவர்களையெல்லாம் சினிமா எடுத்துக்கொண்டது. காலையில் ஒரு கால்ஷீட், மதியம் ஒரு கால்ஷீட், கையில் சம்பளம். ராக் மேடையில் அது கிடைக்காது. 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது தமிழ் சினிமா ஒரு மேதையைப் பெற்றது. ஆனால் இருபது ஆண்டு ஒன்றாக வாசித்து, ஒன்றாகவே வயதாகும் ஒரு ராக் குழு சென்னைக்கு வாய்க்கவில்லை.

1988: ‘எங்களாலும் முடியும்’

பம்பாயில் 1984-ல் ‘ராக் மெஷின்’ தொடங்கியது. மகேஷ் தினைகர் கிதார், மார்க் செல்வின் பேஸ் கிதார். வந்தவர் போனவர் போக, குழு ஒரு நிலைக்கு வந்தபோது உதய் பெனகல் பாடகர், ஜயேஷ் காந்தி இன்னொரு கிதார், ஸுபின் பாலாபோரியா கீபோர்டு, மார்க் மெனெசஸ் டிரம்ஸ் என்று அமைந்தது.

அந்த ஊருக்கு ராக் புதிதில்லை. 1972-லேயே லெட் செப்லினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தங்கள் இரண்டு பாடல்களைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். கொலாபாவின் ஸ்லிப் டிஸ்க் கிளப்பில் வாசித்தும் இருக்கிறார்கள். ஆனால் 1980-களில் அங்கே மேடையேறிய இந்தியக் குழு எதுவானாலும் ஒரே சங்கடம்தான். கூட்டம் கேட்டது வெளிநாட்டுப் பாட்டை. டீப் பர்பிளை அச்சு அசலாக வாசித்தால் கைதட்டல், சொந்தப் பாட்டை எடுத்தால் கசமுசாப் பேச்சு. நல்ல வெளிநாட்டுக் கிதார் வேண்டுமென்றால் கடலுக்கு அப்பாலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். டெலிவிஷன் என்றால் தூர்தர்ஷன் மட்டும். செயற்கைக்கோள் வழியே எம்டிவி வர 1991 ஆக வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் 1988-ல் சிபிஎஸ் வழியாக ‘ராக் அண்ட் ரோல் ரெனிகேட்’ என்ற ஆல்பம் வந்தது. கூட்டம் கேட்காத பாட்டு, அவர்களே எழுதிய பாட்டு. இன்று போட்டுக் கேட்டால் அந்தக் காலத்து அமெரிக்க ராக்கின் சாயல் உடனே தெரிகிறது. டிரம்ஸ் அடியில் பெரிய கூடத்து எதிரொலி. கீபோர்டு முன்னே வந்து நிற்கிறது. பாடகர் உச்சத்தில் ஏறி நின்று கூப்பிடுகிறார், பின்னால் எல்லோரும் சேர்ந்து பல்லவியைப் பிடிக்கிறார்கள். ‘டாப் ஆஃப் தி ராக்’ பாடல் இதற்குச் சரியான சாட்சி. இரண்டாவது முறை பல்லவி வரும்போது கேட்பவனும் பாடத் தொடங்கிவிடுகிறான்.

அதில் புதுமை குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. சொந்தப் பாட்டுக்கு மேடையே இல்லாத ஊரில், வெளிநாட்டுக் குழுவுக்கு நிகராக ஒரு பாட்டை எழுதி, வாசித்து, கேசட்டாக்கி, கடையில் வைத்ததே அன்று பெரிய காரியம். அந்த ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டும் ‘எங்களாலும் முடியும்’ என்கிறது. அந்த வேகம் இன்றும் காதில் விழுகிறது.

1990-ல் ‘தி செகண்ட் கமிங்’ வந்தது. 1993-ல் குழு தன் பெயரை ‘இண்டஸ் கிரீட்’ என்று மாற்றிக்கொண்டது, 1995-ல் அதே பெயரில் ஓர் ஆல்பம். ‘ப்ரெட்டி சைல்ட்’ வீடியோவுக்கு எம்டிவியின் ஆசிய ரசிகர் விருதும் கிடைத்தது. ஆனால் காற்று வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதே 1995-ல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’ விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது. கம்பெனிகள் எல்லாம் இந்திப் பாப்பின் பின்னால் போயின. 1997-ல் இண்டஸ் கிரீட் கலைந்தது. பெனகலும் ஜயேஷ் காந்தியும் நியூயார்க்கில் ‘ஆம்ஸ் ஃபார் சாந்தி’ என்ற பெயரில் வேறு வகை இசைக்குப் போனார்கள்.

2012: நிரூபிக்க எதுவும் இல்லை

2010-ல் குழு மறுபடி கூடியது. பெனகல், தினைகர், பாலாபோரியா மூவரும் பழையவர்கள். பேஸ் கிதாருக்கு ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜெய் ரோ கவி என்று அடுத்த தலைமுறை சேர்ந்தது. 2012-ல் ‘இவால்வ்’ ஆல்பம் யுனிவர்சல் மியூசிக் வழியாக வந்தது. ஒலிக்கலவை செய்தவர் டிம் பாமர், பேர்ல் ஜாமின் ‘டென்’ ஆல்பத்துக்கு அந்த வேலையைச் செய்தவர்.

இங்கேதான் கதை ஒரு சுற்று சுற்றி வருகிறது. 1988-ல் கூட்டம் அடுத்தவர் பாட்டைக் கேட்டது. 2012-ல் அதே கூட்டம், நாற்பதைத் தாண்டிய வயதில், ‘டாப் ஆஃப் தி ராக்’கைக் கேட்டது. பழைய பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்து விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். குழுவோ அன்று செய்ததையே இன்றும் செய்தது, கேட்காத பாட்டைக் கொடுத்தது.

‘இவால்வ்’ ஆல்பத்தின் முதல் வித்தியாசம் அவசரமின்மை. பல்லவிக்கு ஓடுவதில்லை. கிதார் ஒரு சிறு வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து நிலத்தைப் போடுகிறது, அதன்மேல் கீபோர்டு மெல்லப் படிகிறது, பிறகுதான் குரல் வருகிறது. ‘ஃபயர்ஃப்ளைஸ்’ கேட்டால் இது புரியும். பெனகல் உச்சியில் நின்று கூவுவதை விட்டுவிட்டு, நடுக்குரலில் சொல்ல வந்ததைச் சொல்கிறார். தினைகரின் தனி வாசிப்பும் பாட்டை நிறுத்திவிட்டு நடக்கும் வித்தை காட்டலாக இல்லாமல் பாட்டின் ஒரு பேச்சாக வருகிறது. ‘தி மணி’யில் தாளத்தின் கனம் கூடுகிறது. அங்கே புதிய டிரம்ஸ் கை எவ்வளவு உதவியிருக்கிறது என்பது தெரிகிறது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். மைதானமே சேர்ந்து பாடும் பல்லவி இந்த ஆல்பத்தில் இல்லை. முதல் முறை கேட்டு முடித்தால் எந்த வரியும் வாயில் ஒட்டாது, மூன்றாவது முறைதான் பிடிபடும். அவ்வளவு பொறுமை எல்லாரிடமும் இருப்பதில்லை.

உலகம் முழுக்க மூத்த குழுக்கள் பழையதா, புதியதா என்ற இந்த இரட்டை வழியில் நின்றிருக்கின்றன. ஏசி/டிசி 1980-ல் ‘பேக் இன் பிளாக்’ செய்தது. 2008-ல் ‘பிளாக் ஐஸ்’ வந்தபோதும் ஏறக்குறைய அதே பாதையில்தான் நடந்தது, உலகம் அதைக் கொண்டாடியது. டீப் பர்பிள் வேறு ரகம். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில், ரெக்கார்டிங் செய்ய இருந்த கேசினோ தீப்பிடித்து எரிந்துபோக, ஆளில்லாத ஹோட்டல் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி, வாசலில் நின்ற லாரியில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். 1976-ல் கலைந்து, 1984-ல் ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ ஆல்பத்தோடு திரும்பினார்கள். அதன் தலைப்புப் பாட்டு பழைய பாய்ச்சலை விட்டு, கனத்த நிதானத்தில் நடக்கிறது. இண்டஸ் கிரீட் சேர்ந்தது இந்த இரண்டாவது வரிசையில்.

என் தீர்ப்பு

வாசகரின் சண்டைக்கு என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவின் பிற்கால ஆல்பத்தை ‘பழைய மாதிரி இருக்கிறதா’ என்ற தராசில் வைப்பது அந்தக் குழுவுக்குச் செய்யும் அநியாயம். நாம் தேடுவது நம்முடைய பதினெட்டு வயதை. அதை எந்த ஆல்பமும் திருப்பித் தராது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் ஆல்பத்தில் இருந்த துணிச்சல் இதிலும் இருக்கிறதா? ‘இவால்வ்’ ஆல்பத்தில் இருக்கிறது. ஒலி மாறியது, குணம் மாறவில்லை. இரண்டில் எது சிறந்த இசை என்று கேட்டால் 2012-ல் வந்ததுதான் என்பேன். எது வரலாற்றை மாற்றியது என்றால் 1988.

இன்று ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோவில் தோளில் கிதார் பையோடு இறங்கும் பிள்ளைகளுக்கு வசதிக்குக் குறைவில்லை. ஒரு லேப்டாப் இருந்தால் வீட்டிலேயே ஆல்பம் முடித்துவிடலாம். அவர்கள் இந்த இரண்டு ஆல்பங்களையும் ஒரே மாலையில், 1988-ல் தொடங்கி, அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். இணைந்து வாசிக்கத் தொடங்குவது ஒரு திறமை, பிரிந்து போய்ப் பதிமூன்று ஆண்டு கழித்துக் கூடி, பழைய பெயரில் புதிதாகப் பேசுவது வேறொரு திறமை. நம் ஊர்க் குழுக்கள் இந்த இரண்டாவதையும் கற்றுக்கொள்ளும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த வாரம் கொச்சிக்குப் போகிறோம். 2008-ல் ‘மக்தூப்’ ஆல்பத்தில் மதர்ஜேன் குழுவின் பைஜு தர்மஜன், கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை மின்கிதாரில் இழுத்த கதை.

(தொடரும்)