தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழ் கேட்பது: திருப்பூர் வட்டார வகுப்பறைகளின் ஒலிச்சூழல்

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ஒளியியல் ஒரு பாடம், ஒலியியல் இன்னொரு பாடம். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே “ஒளியின் வேகம்” என்கிறார். கடைசி பெஞ்சில் கேட்பது ஒளியா, ஒலியா? நடுவிலுள்ள ஒரே ஒரு மெய்யொலிதான் தீர்மானிக்கிறது. பக்கத்தில் தறிக்குடோன் ஓடினால் முதலில் தொலைவது அந்த மெய்தான். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை வாக்கியப் போக்கை வைத்து ஊகித்துக்கொள்ளும். பனியன் கம்பெனி வேலைக்குப் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்களின் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அது தமிழையே இந்த வகுப்பறையில்தான் கற்கிறது. இரைச்சல் எல்லோர் காதிலும் ஒரே அளவில் விழுந்தாலும் இழப்பு ஒரே அளவில் இல்லை என்பதே என் வாதம்.

1955இல் வெளியான ஆய்வில் மில்லரும் நைஸ்லியும் ஆங்கில மெய்யொலிகளை இரைச்சலோடு கலந்து கேட்கவைத்துச் சோதித்தனர். மூக்கொலி எது என்பது ஓரளவு தப்பிப் பிழைத்தது. நாவும் உதடும் எங்கே பொருந்துகின்றன என்ற வேறுபாடுதான் எளிதில் அழிந்தது. ல-ள, ன-ண, கட்டை-தட்டை-பட்டை எல்லாம் பிறப்பிடத்தாலேயே பிரியும் தமிழுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும் என்று கருதுகிறேன். ஆசிரியர் குரலை உயர்த்தினாலும் தீராது. கத்தும்போது உயிரொலிகளே பெருகும். மெய்கள் பின்தங்கிவிடும், தொண்டையும் போய்விடும். இரண்டாம் மொழியில் கேட்பவர் இரைச்சலில் கூடுதலாகத் தடுமாறுகிறார் என்பதோ பல ஆய்வுகள் உறுதிசெய்த முடிவு.

பல்லடம், மங்கலம் பக்கத்தில் நாடா ஓடும் விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 95 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். நகருக்குள் டெம்போ, ஜெனரேட்டர், நிட்டிங் மெஷின்களின் ஓயாத ரீங்காரம். பள்ளிச் சுவருக்கு வெளியே 70 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த ஜன்னல் அதில் 10 முதல் 15 டெசிபல்தான் தடுக்கும். உள்ளே 55 முதல் 60 வரை நிற்கும். ஆசிரியரின் குரலும் கடைசி பெஞ்சை அடையும்போது ஏறத்தாழ அவ்வளவுதான். குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே நிற்க வேண்டும் என்பது ஒலியியலார் பரிந்துரை.

“பிள்ளைகளுக்குப் பழகிவிடும்” என்று சொல்வார்கள். நியூயார்க்கில் ரயில் பாதையை ஒட்டிய பள்ளி ஒன்றைப் பிரான்சாஃப்ட், மெக்கார்த்தி இருவரும் ஆராய்ந்து 1975இல் வெளியிட்டனர். ரயில் பக்க வகுப்புகளில் படித்தவர்கள் ஆறாம் வகுப்பில் வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பாதையில் ரப்பர் அட்டை பொருத்தி, வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை வைத்த பிறகு, 1981இல் வெளியான மறு ஆய்வில் அந்த வேறுபாடு இல்லை. பழகிய பிள்ளைகள் பின்தங்கினார்கள். சத்தம் குறைந்த பிறகு படித்தவர்கள் பின்தங்கவில்லை. இது தொடக்கப்பள்ளிக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. இங்கிலாந்தில் 11 முதல் 16 வயது மாணவரிடம் நடந்த சோதனையிலும் 70 டெசிபல் வகுப்பறை இரைச்சலில் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைந்தது.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கல்வி நிலையத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலம் ஆக்க இடமளிக்கின்றன. அங்கே பகல் வரம்பு 50 டெசிபல். அது நடைமுறையானால், ஜன்னல் திறந்திருந்தும் உள்ளே 35 முதல் 40தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுப்பறைக்குச் சொன்ன 35 டெசிபலுக்கு அருகில் வந்துவிடுகிறோம், ஏசி இல்லாமலே. ஜன்னலை மூடு என்று பள்ளியிடம் சொல்வதைவிட, தறிக்கூடத்துக்குப் பள்ளிப் பக்கம் கெட்டிச் சுவர் கேட்பது நியாயம்.

அடுத்தது எதிர்முழக்கம்: பேசி முடித்த பின்னும் அறைக்குள் ஒலி தங்கி நிற்பது. 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயர அறை. நாற்பது பிள்ளைகள், திறந்த ஜன்னல்கள். அந்த நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரத்தில் போட்டால் சுமார் 0.7 நொடி வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அதே பரிந்துரை கேட்பது 0.6. கூரையில் 160 சதுர அடிக்கு நல்ல உறிஞ்சுபலகை பொருத்தினால் 0.5க்கு இறங்கும். அதற்கான பஞ்சு இந்த ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. பனியன் கட்டிங் வேஸ்டைப் பிரித்து அழுத்தி, தீப்பிடிக்காதபடி போரிக் அமிலம் ஏற்றினால் பலகைக்கு ஆகும். வெளிச்சத்தம் இதனால் பெரிதாகக் குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் குரல் தெளிவாகக் கேட்கும், அவ்வளவே.

சுவரும் பலகையும் வர நாளாகலாம். தமிழ் புதிதாகக் கற்கும் பிள்ளைகளை முதல் பெஞ்சுக்குக் கொண்டுவரச் செலவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் அவர்கள் முகம் பார்த்து “ஒளி” என்று சொல்லவும் செலவில்லை. நாளைக் காலை முதல் பீரியடிலேயே தொடங்கலாம்.