லியோன் நெசவாளர்கள் கேட்டது கூலியைத்தான்

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரத்துப் பூவேலைப் பட்டுத் தறியை ஓட்ட ஒருவர் போதாது. நெசவாளர் உட்கார்ந்து நாடாவை ஓட்டுவார். தறிக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்று, பூ விழ வேண்டிய இடத்தில் எந்தெந்தப் பாவு நூல் மேலெழ வேண்டுமோ அந்தக் கயிறுகளைக் கொத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். பெரும்பாலும் சின்னப் பெண்கள் செய்த வேலை இது. பாவு நூல்களையும் அவற்றில் தொங்கும் ஈயக் குண்டுகளின் கனத்தையும் சேர்த்து நாள் முழுக்க இழுத்தார்கள். கயிறு ஒன்று மாறினாலும் பூ கெட்டுவிடும்.

அந்த ஊரில் நெசவாளர் வீட்டில் பிறந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் அமைத்த கருவி, கயிறு இழுக்கும் ஆளைத் தறியிலிருந்து நீக்கிவிட்டது. துளையிட்ட தாளையோ அட்டைகளையோ கொண்டு நெய்யும் யோசனை 1725 முதலே பலர் முயன்று பார்த்ததுதான். அதை நாள்தோறும் ஓடும் தறியாக்கிக் காட்டினார் ஜக்கார்டு. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி நூலைத் தூக்கும்; துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே கிடக்கும். ஊடை இழை ஒன்றுக்கு அட்டை ஒன்று. 1812க்குள் பிரான்சில் இப்படி 11,000 தறிகள் ஓடின. 1839இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தபோது சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் படத்தின் பிரதி ஒன்றை இங்கிலாந்தின் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் வீட்டில் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்கும் அவர் அட்டைகளையே தேர்ந்தெடுத்தார்.

கணினியின் முன்னோர்களில் ஒன்று பட்டுத் தறி என்பதைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கலாம். செயற்கை நுண்ணறிவு கைத்தொழிலை என்ன செய்யும் என்ற இன்றைய கேள்விக்கு அதைவிட உதவக்கூடியது, 1831இல் அதே லியோனில் நடந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று, தாங்கள் குடியிருந்த குருவா ரூஸ் குன்றிலிருந்து நெசவாளர்கள் கறுப்புக் கொடியுடன் திரண்டு இறங்கினார்கள். மூன்றாம் நாள் நகரமே அவர்கள் கைக்கு வந்தது. ஜக்கார்டு கருவியை எதிர்த்து எழுந்த கலகம் என்றே இதைப் பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. அதற்குள் அந்தக் கருவி அவர்கள் வீட்டுப் பொருளாகிவிட்டிருந்தது. அதன் உயரத்துக்கு ஏற்றபடி கூரை எழுப்பிய வீடுகளில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் கேட்டது கூலிப் பட்டியல். நூலையும் டிசைனையும் கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டவர்கள் சில நூறு வணிகர்கள். தறி நெசவாளருடையது. விற்பனை சரிந்தால் வணிகர் கூலியைக் குறைப்பார். தறியின் செலவோ அப்படியே நிற்கும். அக்டோபரில் மாவட்ட ஆட்சித் தலைவர் இரு தரப்பையும் உட்கார வைத்துக் குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு பட்டியல் எழுத வைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வணிகர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். அதன் பிறகுதான் குன்று கொதித்தது. பாரிஸ் அரசு 20,000 படைவீரர்களை அனுப்பி ஊரை மீட்டது. பட்டியல் ரத்தானது, ஆட்சித் தலைவரின் பதவி போனது.

அதே லியோனில் இன்னொன்றும் நடந்திருந்தது. 1806ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நெசவாளருக்கும் வணிகருக்கும் இடையிலான வழக்குகளைத் தீர்க்க ஒரு மன்றத்தை அங்கே ஏற்படுத்தியது. புதிய டிசைன் வைத்திருப்பவர் அதன் மாதிரியை உறையிலிட்டு, முத்திரையும் கையெழுத்துமாக அந்த மன்றத்தில் ஒப்படைக்கலாம். பிறகு அடுத்தவர் அதைக் காப்பியடிக்க முடியாது. டிசைனுக்குக் காவல் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த உறையில் கையெழுத்திட்டவர் வணிகர். அதை வரைந்தவருக்கும் நெய்தவருக்கும் அதில் பங்கில்லை. ஜக்கார்டு கருவியைவிட நெசவாளரின் வாழ்வை அதிகம் தீர்மானித்தவை இந்த இரண்டும்தான்: இல்லாமல் போன கூலிப் பட்டியல், வணிகர் பெயரில் இருந்த டிசைன்.

காஞ்சிபுரத்துக்கு ஜக்கார்டு பெட்டி வந்தபோதும் முதலில் இடம் இழந்தவர் உதவியாள்தான். முன்பு அங்கே பூவேலைக்கு ‘அடை’ என்ற நூல்கட்டு முறை இருந்தது. அதை இழுக்க ஒருவர் தனியாக வேண்டும். பெட்டி வந்ததும் அந்த ஆள் தேவைப்படவில்லை. கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா ஓட்ட மட்டும் இன்னொரு கை நீடித்தது. அது பல காலம் பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தையின் கையாக இருந்தது. அந்த வழக்கம் ஒழிந்ததற்கு யாரும் வருந்த வேண்டியதில்லை.

பெட்டியோடு புதிய வேலைகளும் பிறந்தன. டிசைன் வரைபவர், அதை கிராஃப் தாளில் ஏற்றுபவர், அட்டை குத்துபவர் என ஒரு வரிசை உருவானது. கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் ஒரு நூல். அன்னத்தின் கழுத்து வளைவை ஏற்றும்போது ஒரு கட்டம் கூடினால் வளைவு முறிந்து படிக்கட்டாகத் தெரியும். ஜரிகை இழை பின்பக்கம் கட்டில்லாமல் நீளமாக ஓடினால், உடுத்தும்போது வளையலில் மாட்டி அறுந்துவிடும். கட்டம் நிரப்புகிறவர் இதையெல்லாம் மனதில் வைத்தே பென்சிலை நகர்த்துவார். கணினி மென்பொருள் வந்தபோது இந்த வரிசையில் கிராஃப் தாள் மெல்ல மறைந்தது. 2022 முதல் பரவிய படம் உருவாக்கும் செயலிகள் இப்போது வரிசையின் முதல் ஆளை, டிசைன் வரைபவரை நெருங்கியிருக்கின்றன. ‘யாளியும் ருத்ராட்சமும் கலந்த கரை’ என்று எழுதினால் நொடிகளில் பல படங்கள் வந்து விழும். பார்க்க அழகாகவே இருக்கும். அது தறியில் ஏறுமா, பின்பக்க இழை எவ்வளவு நீளம் தொங்கும் என்பதை அந்தப் படம் சொல்லாது. அதைப் பார்த்துச் சரிசெய்ய இன்னும் ஆள் வேண்டும்; படம் வரைந்த காலத்துக் கூலி அவருக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

சட்டத்தின் காவல் இதில் எதுவரை வருகிறது? 1950களின் தொடக்கத்தில் வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று ராஜாஜி வாதாடினார். காஞ்சிபுரத்து மண்ணின் மைந்தரான அண்ணா 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் இதில் ஒரே கவலையைச் சுமந்தார்கள். 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டு ஆகிறது. முதலாவது தறியைக் காக்கிறது, இரண்டாவது பெயரைக் காக்கிறது. பூவை எதுவும் காக்கவில்லை. டிசைனைப் பதிவு செய்ய அது புதிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்; தலைமுறைகளாக நெய்துவரும் மயில்கண்ணும் அன்னமும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இணையத்தில் கிடக்கும் சேலைப் படங்களை விழுங்கிக் கற்ற செயலி அதே மயில்கண்ணைத் திருப்பித் தரும்போது, அதில் உரிமை கோர நெசவாளரிடம் ஒரு காகிதமும் இல்லை.

2009–10 கணக்கெடுப்பில் நாட்டின் கைத்தறித் தொழிலாளர்கள் 43.31 லட்சம். 2019–20இல் 35.22 லட்சம். அந்தக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதித்தன. செயலி வருவதற்கு முந்தைய கணக்கு இது. ஆகவே தொழிலாளர்கள் குறைவதற்குச் செயலிமேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

இனி வரப்போவதை லியோன் ஓரளவு காட்டித் தருகிறது. அங்கே மோஸ்தர் மாறும்போதெல்லாம் புதிய டிசைனுக்குத் தறியைத் தயார் செய்யும் செலவு நெசவாளர் தலையில் விழுந்தது. அது ஓயாத வழக்காக இருந்தது. காஞ்சிபுரத்தில் டிசைன் வரைய வாரக்கணக்கில் ஆனவரை வணிகரும் ஒரே டிசைனைப் பல சேலைகளுக்கு ஓட்டினார். டிசைன் நொடியில் கிடைக்கும்போது சேலைக்குச் சேலை புதிது கேட்பார்கள். அட்டையை மாற்றுவது எளிது. கணினியில் இயங்கும் ஜக்கார்டில் இன்னும் எளிது. கரையின் அகலமோ பூவின் அளவோ மாறினால், பெட்டியிலிருந்து இறங்கும் நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். அந்த நாட்களில் தறி ஓடாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த நாட்களில் வருமானமும் கிடையாது. கூட்டுறவுச் சங்கங்களும் கடைக்காரர்களும் அடுத்த கூலி ஒப்பந்தம் பேச உட்காரும்போது, தறி நிற்கும் நாளுக்கு என்ன கூலி என்ற ஒரு வரி அதில் ஏற வேண்டும்.